வாசிக்காமல் விட்ட வரிகள்

போன மாதம் ஷாமினி என்னைப் பார்க்க வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த பிள்ளை. கணினியும் இணையமும் தெரியாத பெரியவர்களுக்குப் படிப்பிப்பதுதான் அவளுக்கும் வேலை. இப்போது மேசைக் கணினியை விடக் கைத்தொலைபேசியைத்தான் அதிகம் படிப்பிக்கிறாளாம். தன் போனை எடுத்து எனக்கு ஒன்றைக் காட்டினாள். யாரோ அனுப்பிய நீளமான செய்தி. ஒரு இடத்தில் தொட்டதும் அது இரண்டு வரியாகச் சுருங்கி வந்தது.

"பாருங்க மிஸ், முழுக்க வாசிக்கத் தேவையில்ல. வயசானவங்களுக்கு நல்ல லேசு. இதையே முதல் பாடமா வைக்கலாம் எண்டு நினைக்கிறன். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றி வந்தேன். அவள் பேச்சை மாற்றி, புதிதாக வரும் பயிற்றுநர்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். சரி என்றேன். அவள் கேட்ட கேள்விக்கும் இதற்குள்ளே பதில் கிடைக்கும். ஆனால் நான் பெருமைப்படுகிற கதை இல்லை இது.

என் முதல் தொழில் தட்டெழுத்து. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பதினேழு வருடம் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்தேன். அங்கு கணினி வந்ததும் எங்கள் இயந்திரங்களைச் சாக்குப் போட்டு மூடிவிட்டார்கள். நாற்பத்தொரு வயதில் பஸ் ஏறி மட்டக்களப்பு நகரத்துக்குப் போய், என் பிள்ளை வயதுக்காரர்களோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து ஆறு மாதம் கணினி படித்தேன். எல்லோருக்கும் விளங்கிய பிறகும் எனக்கு விளங்காமல் இருந்ததும், அதைச் சொல்ல வெட்கப்பட்டதும்தான் அந்த ஆறு மாதத்தில் இன்றும் நினைவில் நிற்பவை. படித்து முடித்த வருடமே எங்கள் ஊரில் ஒரு கணினி நிலையம் திறந்தார்கள். எங்கள் ஊர் செட்டிபாளையத்துக்குக் கிட்ட, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது. ஆறு கணினி, பன்னிரண்டு கதிரை, ஒரு மின்விசிறி. எனக்குப் பயிற்றுநர் வேலை கிடைத்தது.

நிலையத்தின் பொறுப்பாளர் ரிஸ்வானா, ஓட்டமாவடிக்காரர். வயது இருபத்தேழு. இரண்டு பஸ் மாறி வருவார், ஆனால் கதவு திறக்கும் நேரத்துக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். கண்ணாடியைக் கழற்றி முந்தானைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே பேசுவார். கண்ணாடி துடைபடுகிறது என்றால் நான் ஏதோ பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். என்னை "அக்கா" என்பார். நான் அவரை "மிஸ்" என்பேன்.

முதல் வகுப்புக்கு முந்தின நாள் அவர் எனக்குச் சில ஒழுங்குகள் சொன்னார். பத்தொன்பது வருடமாக நான் படிப்பித்த எல்லாமே அந்த ஒரு பின்னேரம் கேட்டதுதான்.

"முதல் நாள் சுவிட்ச் போடாதீங்க அக்கா. மெசின் செத்துக் கிடக்கட்டும். அவங்க மவுஸைத் தொட்டு, பிரட்டிப் பார்த்து, பயம் போகட்டும். ரெண்டாம் நாள் போடுவம்."

"சரி மிஸ்."

"நீங்க அவங்கட மவுஸைத் தொடக் கூடாது. அவங்க எவ்வளவு சுணங்கினாலும் தொடக் கூடாது. கை துடிக்கும். கையைப் பின்னால கட்டிக்கொள்ளுங்க."

"சரி."

"லேசு எண்டு சொல்லாதீங்க. லேசு எண்டு சொன்ன ஒண்டு அவங்களுக்கு ஏலாமப் போனா எவ்வளவு வெக்கப்படுவாங்க? கஷ்டம்தான், செய்வம் எண்டு சொல்லுங்க."

பாஸ்வேர்ட் அடிக்கும்போது நாங்கள் யன்னல் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஒரு கொப்பியில் ஒவ்வொருவருடைய பெயரையும் எழுதி, அன்று அவர் தானாகச் செய்த ஒன்றை மட்டும் எதிரே எழுத வேண்டும். நாங்கள் உதவி செய்தவை அந்தக் கொப்பிக்குள் வரக் கூடாது.

கணபதிப்பிள்ளை அண்ணன் என்று ஒரு வாவி மீன்பிடிகாரர் வந்தார். நாற்பது வருடம் வலை இழுத்து விரல்கள் மரம் மாதிரி ஆகியிருந்தன. மவுஸை இரண்டு தரம் டக்டக்கென்று அழுத்த வேண்டிய இடத்தில் அவருடைய விரல் ஒரு தரம் அழுத்தி, மூச்சு விட்டு, இன்னொரு தரம் அழுத்தும். கணினிக்கு அது விளங்காது. மூன்று நாள் முயன்றார். நாலாம் நாள், "எனக்கு ஏலா, நான் வாவிக்கே போறன்" என்று எழும்பிவிட்டார். ரிஸ்வானா அவரை மறிக்கவில்லை. அவர் இருந்த கணினிக்குள் போய், இரண்டு அழுத்தலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகலாம் என்கிற அளவைக் கூட்டி வைத்தார். "அண்ணன், மெசின்தான் அவசரப்படுது. இப்ப அதுக்குச் சொல்லிட்டன். வந்து பாருங்க" என்றார். கோப்பு திறந்தது. அன்றைக்குக் கொப்பியில் அவர் பெயருக்கு எதிரே, 'தானாகத் திறந்தார்' என்று ரிஸ்வானா எழுதினார். அளவைக் கூட்டியது உதவி இல்லையா மிஸ் என்று கேட்டேன். "மெசினுக்குத்தானே அக்கா உதவி செய்த" என்றார்.

இப்படிப்பட்ட ஒருவரின் கீழே வேலை செய்துகொண்டுதான் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருந்து சுகந்தி என்றொரு பிள்ளை எங்கள் இரண்டாவது வகுப்புக்கு வந்து படித்தாள். கெட்டிக்காரி. தமிழில் தட்டெழுத நான்தான் படிப்பித்தேன். வகுப்பு முடிந்து ஒரு வருடத்தில் வீட்டு வேலைக்குக் குவைத் போய்விட்டாள். போய்க் கொஞ்ச நாளில் அவளுடைய தாய் பூமணியக்கா எங்கள் நிலையத்துக்கு வந்தார். அப்போது மண்முனைப் பாலம் இல்லை. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை ஒன்று ஓடும், அதைப் 'பாதை' என்போம். பாதையில் வந்து, பிறகு வெயிலில் நடந்து வந்திருந்தார். ஐம்பது வயது தாண்டிய மெலிந்த மனிசி. கணவர் இல்லை, இந்த ஒரு பிள்ளைதான்.

"டீச்சர், என்ட மகள் இஞ்சதான் படிச்ச. அந்த வீட்டில போன் பேச விடுறாங்கல்லயாம். வீட்டுக்காரங்கட புள்ளைகள் பள்ளிக்குப் போன நேரம் கொம்பியூட்டரில கடிதம் எழுதுவாளாம். அத நான் எப்பிடி எடுக்கிற?"

அவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுத்தோம். அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. ரிஸ்வானா கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒவ்வொரு செவ்வாயும் அவங்க வரட்டும் அக்கா. எழுத்தையும் கீபோர்டிலேயே படிப்பியுங்க. அதுவரைக்கும் கடிதத்தை நீங்க வாசிச்சுக் காட்டுங்க. ஆனா ஒண்டு. கடிதம் வந்தவங்கட சொத்து. வாசிச்சா முழுசா வாசிக்கணும். ஏலாட்டி வாசிக்காதீங்க."

நானும் தலையாட்டினேன்.

முதல் கடிதத்தை முழுதாகத்தான் வாசித்தேன். வந்து சேர்ந்ததைப் பற்றியும், வீட்டில் ஏழு அறை இருப்பதைப் பற்றியும் எழுதியிருந்தாள். பூமணியக்கா ஒவ்வொரு வரிக்கும் சிரித்தார். "என்ட புள்ள பேசுற மாதிரியே இரிக்கு" என்று திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் பதில் எழுதி அனுப்பினேன். மாடு கன்று போட்டது, பக்கத்து வீட்டில் கல்யாணம், இப்படி.

இரண்டாவது கடிதத்தில், 'சாப்பாடு காணாது அம்மா. அவங்க சாப்பிட்டு மிஞ்சினதுதான்' என்று ஒரு வரி இருந்தது. அன்று பூமணியக்கா நல்ல வெயிலில் வந்திருந்தார். அவருக்குப் பிரஷர் இருக்கிறது, கிளினிக்கில் ஒருநாள் மயங்கி விழுந்தார் என்று எனக்குத் தெரியும். அதோடு, என் தங்கை இறந்த செய்தி தந்தியில் வந்த நாள், வாசித்துக் காட்டி முடிக்க முன்னமே என் அம்மா விழுந்ததைப் பார்த்தவள் நான். அந்த விழுந்த சத்தம் எனக்குள் எப்போதும் இருந்தது. பூமணியக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாச் சாப்பிடுறாவாம்" என்றேன்.

ஒரு வரிதானே என்று நினைத்தேன். வெளிநாடு போகிற எல்லோரும் முதல் வருடம் அழுவார்கள், பிறகு பழகிவிடும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது கடிதத்தில் மூன்று மணித்தியாலம்தான் நித்திரை என்று இருந்தது, அதை விட்டேன். நாலாவதில் மேடம் தலைமயிரைப் பிடித்து இழுத்ததாக இருந்தது, அதையும் விட்டேன். ஒரு தரம் விட்ட பிறகு அடுத்ததை விடாமல் இருக்க ஏலாது. முதல் பொய்யைக் காப்பாற்றத்தான் அடுத்த பொய். ஏழாவது கடிதத்தில், 'அம்மா, எனக்கு வீட்ட வரணும் போல இரிக்கு, வரட்டா?' என்று கேட்டிருந்தாள். நான், "உங்கட நினைவாவே இரிக்காவாம்" என்றேன். பூமணியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் அப்பிடித்தான் எண்டு எழுதுங்க டீச்சர். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்க" என்றார். நான் பிழையில்லாமல், அழகாக எழுதி அனுப்பினேன்.

இதெல்லாம் நடக்கும்போதே அவருக்கு எழுத்தும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கீபோர்டில் ஒவ்வொரு கட்டையிலும் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். கிழமைக்கு ஐந்து எழுத்து. முதலில் அவருடைய பெயர், பிறகு மகளுடைய பெயர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அவர் ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அழுத்துவார். கண்டுபிடித்ததும் "ஆ, இரிக்கான் பாருங்க" என்று ஏதோ ஒளித்து விளையாடும் பிள்ளையைப் பிடித்தது போலச் சொல்வார். வீட்டில் மண்ணெண்ணெய்ப் போத்தல், மருந்துத் துண்டு, அரிசி பேக் எல்லாவற்றிலும் எழுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் இந்த வயதில் அந்த எழுத்துகளைக் கூட்டி ஒரு வசனத்தை இவர் வாசிப்பார் என்று நான் நினைக்கவேயில்லை. நான் எழுத்துப் படிப்பித்த ஒருவர் வாசிப்பார் என்று நானே நம்பவில்லை. என் மற்றப் பிழைகள் எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய பிழை என்று பிற்காலத்தில் நினைத்திருக்கிறேன்.

ஐந்து மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது கடிதம் வந்திருந்தது. பூமணியக்கா தானே பாஸ்வேர்ட் அடித்துத் திறந்தார், நான் யன்னல் பக்கம் நின்றேன். திரும்பி வந்து கடிதத்தைப் பார்த்தேன்.

'அம்மா, மேடம் அயன்பெட்டியால கையில சுட்டுட்டா. மருந்து இல்ல. பாஸ்போட்டும் அவங்ககிட்ட. நான் எத்தனை தரம் எழுதிட்டன், நீங்க ஏன் ஒண்டும் சொல்றீங்கல்ல? என்னைக் கூப்பிடுங்க அம்மா.'

ரிஸ்வானா அன்று வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்காக லீவில் இருந்தார். அவரிடம் காட்டி, என்ன செய்வதென்று கேட்டு, அதற்குப் பிறகு இவருக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் என் கை அவருடைய மவுஸுக்குப் போனது. இவ்வளவு காலத்தில் முதல் தரம். கடிதத்தை மூடினேன்.

"இது கடிதம் இல்லக்கா. விளம்பரம். இந்தக் கிழமை மகள் ஒண்டும் எழுதல்ல போல."

பூமணியக்கா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் எனக்கு நகரத்தில் ஒரு கூட்டம். அது முடிந்து, ரிஸ்வானாவிடம் விசயத்தைச் சொல்வதற்காகப் பின்னேரம் மூன்று மணிபோல நிலையத்துக்கு ஓடி வந்தேன். உள்ளே பூமணியக்கா இருந்தார். அது அவருடைய நாள் இல்லை. மூலையில் இருக்கும் கணினிக்கு முன்னால் அவரும், பக்கத்துக் கதிரையில் ரிஸ்வானாவும். ரிஸ்வானாவின் கண்ணாடி மேசையில் கிடந்தது.

காலையில் முதல் பாதையிலேயே வந்துவிட்டாராம். அனுப்பியவருடைய பெயரின் இடத்தில் 'சுகந்தி' என்று இருந்ததை முதல் நாளே வாசித்துவிட்டார். விளம்பரம் ஒன்றில் மகளுடைய பெயர் ஏன் வர வேண்டும் என்று பார்க்கத்தான் வந்திருந்தார். ஒன்பது மணிக்குத் தொடங்கி, எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஒன்பது கடிதத்தையும் இரண்டு மணிவரைக்கும் வாசித்திருக்கிறார். வாசித்துக் காட்டவா என்று ரிஸ்வானா கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் கிட்டப் போனேன். அவர் சத்தம் போடவில்லை.

"டீச்சர், ரெண்டாம் கடிதத்தில சாப்பாடு காணாது எண்டு எழுதியிரிக்காள். நீங்க அண்டைக்கு நல்லாச் சாப்பிடுறாவாம் எண்டு சொன்னீங்க."

"அக்கா... உங்களுக்குப் பிரஷர் இரிக்கே, நீங்க தாங்க மாட்டீங்க எண்டு..."

"பிரஷரும் எனக்குத்தானே டீச்சர். புள்ளயும் எனக்குத்தானே."

நான் அங்கேயே நின்றேன். அழக்கூட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ரிஸ்வானா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, இதுக்குப் பதில் எழுதணும். ஆர் எழுதுற?" என்று கேட்டார்.

"நான் எழுதுறன்" என்றார் பூமணியக்கா.

அவர் வழமையாக இருக்கும் கணினி இல்லை அது. அதில் சில ஸ்டிக்கர்கள் தேய்ந்து போயிருந்தன. 'கா' என்ற எழுத்தின் கடைசியில் நிற்கும் காலை நாங்கள் அரவு என்போம். அந்த அரவுக் கட்டை வெறுமையாக இருந்தது. அவர் தேடினார், கிடைக்கவில்லை, விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனார். வாய் ஒவ்வொரு எழுத்தையும் சொன்னது, விரல் தேடியது. முக்கால் மணித்தியாலத்தில் திரையில் ஒரு வரி வந்தது.

'மகள் நன் வசிச்சன் வ'

நான் வாசிச்சன், வா. மூன்று அரவும் இல்லை. பதினேழு வருடத் தட்டெழுத்தாளருடைய கை தானாக முன்னால் போனது. ரிஸ்வானா என்னைப் பார்த்தார். கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். பூமணியக்கா 'அனுப்பு' என்ற இடத்தைத் தேடி அழுத்தினார். கடிதம் அப்படியே போனது.

அவர் போன பிறகு ரிஸ்வானா கொப்பியை எடுத்தார். 'பூமணி: ஒன்பது கடிதங்களைத் தானாக வாசித்தார். ஒரு பதிலைத் தானாக எழுதினார்.' எழுதி முடித்ததும் பேனையை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் எழுதுங்க அக்கா."

என்ன எழுத என்று நான் கேட்கவில்லை. 'ஐந்து மாதமாகக் கடிதங்களை முழுதாக வாசிக்கவில்லை. நேற்று ஒரு கடிதத்தை மறைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வேலையை விட்டுவிடுகிறேன் மிஸ் என்றேன்.

"விட்டா ஆருக்கு நல்லம்?" அவருடைய குரல் நன்றாக இறங்கியிருந்தது. "நாளைக்கு எட்டரைக்கு வாங்க. பூமணியம்மாவையும் வரச் சொல்லியிருக்கன். கடிதம் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகம் போவம்."

வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் நடுத்தர வயதுக்காரர். நாங்கள் நீட்டிய தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன நடந்த எண்டு சொல்லுங்க, முறைப்பாட்டில எழுதணும். கடிதங்களை ஆராவது வாசியுங்க" என்றார். ரிஸ்வானா தாள்களைக் கையில் எடுத்தார். பூமணியக்கா அவருடைய கையைப் பிடித்தார்.

"டீச்சர் வாசிக்கட்டும் புள்ள. ஒரு வரியும் விடாம வாசிக்கட்டும்."

நான் வாசித்தேன். என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு வாசிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 'சாப்பாடு காணாது அம்மா.' இந்த வரி என் வாயால் ஐந்து மாதத்துக்கு முன் வந்திருக்க வேண்டியது. 'வீட்ட வரணும் போல இரிக்கு, வரட்டா?' இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். பூமணியக்கா என் முழங்காலில் கையை வைத்தார். "வாசியுங்க டீச்சர்" என்றார். அவர் விழவில்லை. மயங்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, நேராக இருந்து கேட்டார். இந்த மனிசி தாங்க மாட்டார் என்று நான் எதை வைத்து முடிவு செய்தேன்? கடைசித் தாளை வாசித்து முடித்தபோது உத்தியோகத்தர் பேனையை வைத்துவிட்டு, "அம்மா, இண்டைக்கே அனுப்புறன்" என்றார். சொன்னபடி அனுப்பினார்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை ஒன்றும் வரவில்லை. பூமணியக்கா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார். நான் அவரோடு அதிகம் பேசப் பயந்தேன். அவரோ, "டீச்சர், அரவு எங்க இரிக்கு எண்டு காட்டுங்க" என்று கேட்டு, வழமை போல இருந்து படித்தார். நாலாம் கிழமை அவர் கடிதப் பெட்டியைத் திறந்ததும், "வந்திரிக்கு" என்று கத்தினார். மீன்பிடிகார அண்ணன்கூட எழும்பி வந்துவிட்டார். இந்தத் தரம் பூமணியக்காதான் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

'அம்மா, நீங்களா எழுதின?'

இரண்டே எழுத்தில் பதில் அடித்தார். 'ஓம்.'

எங்கள் முறைப்பாடு தூதரகம் வரைக்கும் போய், நாலு மாதம் கழித்துச் சுகந்தி வந்து சேர்ந்தாள். வந்து ஒரு கிழமைக்குள் தாயோடு நிலையத்துக்கு வந்தாள். மெலிந்து, கன்னம் ஒட்டி, இடது முன்கையில் அயன்பெட்டியின் நுனி மாதிரி ஒரு தழும்போடு. நான் அவளை வெளியே கூட்டிப் போய், நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மாக்கு வாசிக்கத் தெரியாது எண்டு எனக்குத் தெரியும்தானே மிஸ். நீங்க வாசிச்சுச் சொல்லுவீங்க எண்டு நம்பித்தான் எழுதின."

"ஓம் மகள்."

"பதில் வரும். பிழை ஒண்டும் இரிக்காது. அழகா இரிக்கும். மாடு கன்று போட்டதாம். நான் சாகப் போறன் எண்டு எழுதினாலும் அம்மா மாட்டைப் பற்றி எழுதுறாவே, அம்மாக்கு நான் வேணாமாக்கும் எண்டு நினைச்சன். அவங்க அடிச்சதவிட அதுதான் மிஸ் எனக்கு..." தழும்பை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். "மறுகா ஒரு நாள், எழுத்தெல்லாம் பிழையா ஒரு வரி வந்த. அத எழுதினது அம்மாதான் எண்டு பார்த்ததும் தெரிஞ்ச. அண்டைக்குத்தான் உசிரோட போகணும் எண்டு நினைச்சன்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் உள்ளே போய் ஒரு கணினிக்கு முன்னால் இருந்து, தன்னுடைய கடிதப் பெட்டியைத் திறந்தாள். தாயின் பெயரில் நான் எழுதி அனுப்பிய பதில்களை ஒவ்வொன்றாக அழித்தாள்.

"ஏன் மகள் அழிக்கிற? டீச்சர் மினக்கெட்டு எழுதின" என்றார் பூமணியக்கா.

"அது நீங்க இல்லம்மா."

எட்டும் போன பிறகு அந்தப் பிழையான வரியும், அந்த 'ஓம்' என்பதும் மட்டும் மிஞ்சின. அவள் எழும்பிப் போகும்போது என்னிடம், "மிஸ், எனக்கு உங்களில கோவம் இரிக்கு. கொஞ்ச நாள் இரிக்கும்" என்றாள். உண்மையைச் சொன்னதற்கு அவளுக்கு நன்றி சொன்னேன். கோபம் கொஞ்ச நாள் இல்லை, இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. அதற்குப் பிறகு கல்யாணமாகித் தனக்குப் பிறந்த பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும்போது எனக்கும் சொல்லி அனுப்பினாள். போனேன்.

இப்போது ஷாமினிக்குப் பதில் சொல்லலாம். சுருக்கித் தருகிற பொத்தானைப் படிப்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைசிப் பாடமாகப் படிப்பியுங்கள், மகள். முதல் பாடமாக வேண்டாம். இரண்டு வரியாகச் சுருக்கினால், 'அம்மாவைப் பற்றி நினைக்கிறாள், வேலை கடினமாம்' என்றுதான் அந்தப் போனும் சொல்லியிருக்கும். அதற்காவது இரக்கம் என்று ஒன்று இல்லை. என்னிடம் இருந்தது, அதனால்தான் நான் அதை விட மோசமாகச் செய்தேன். உங்கள் முன்னால் வந்து இருக்கிறவர் எதைத் தாங்குவார், எதைத் தாங்க மாட்டார் என்று முடிவு செய்வது எங்கள் வேலை இல்லை.

சுகந்தி வந்து போன அடுத்த செவ்வாய்க்கிழமை, கதவு திறந்து பத்து நிமிடத்தில் பூமணியக்கா குடையோடு வந்து நின்றார். நான் எதிர்பார்க்கவில்லை. "மகள் வந்திட்டாவேக்கா, இனிக் கடிதமும் வராதே?" என்றேன்.

"இவ்வளவு நாளும் மகளுக்குப் படிச்ச டீச்சர். இனி எனக்குப் படிக்கணும்." கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "எங்கட வயல் வட்டைக்கு எந்தெந்த நாள் தண்ணி திறக்கிற எண்டு இப்ப நெட்டில போடுறாங்களாமே? தண்ணிக்குப் பொறுப்பான வட்டவிதானையார் வந்து சொல்லுறதத்தான் நாங்க இவ்வளவு காலமும் கேட்டு வயல் செஞ்ச. அத எடுத்துத் தாங்க பார்ப்பம். அவர் முழுக்கச் சொல்லுறாரா எண்டு நானே வாசிச்சுப் பார்க்கணும்."